சல்லிவன் கட்டினாரா? காங்கேயம் – தாராபுரம் சாலையின் பழைய முசாபரி பங்களா

வாசகர் கேள்வி, 2024 ஜூன் 2

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் வழியில், ஊதியூர் மலை கண்ணுக்குத் தெரியும் தொலைவில், ஒரு பழைய முசாபரி பங்களாவை (பயணியர் பங்களாவை) புதுப்பித்து மரபு விருந்தினர் இல்லமாக வாடகைக்கு விடுகிறார்கள். குடும்பத்துடன் தங்கி வந்தேன். ‘1819ஆம் ஆண்டு கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய மாளிகை’ என்று வாயிலில் பலகை இருக்கிறது. இது உண்மையா? அந்தப் பக்கத்துக்காரர்கள் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

2024 ஜூன் 3

அந்தப் பக்கம் என் அம்மாவின் பிறந்த ஊர் என்பதால் எழுதுகிறேன். பலகையை நம்புவதற்கு ஒரு காரணமும் எனக்குக் கிடைக்கவில்லை. சல்லிவன் 1815 முதல் 1830 வரை கோயமுத்தூர் கலெக்டராக இருந்தவர். 1819இல் நீலகிரிக்கு ஏறிச்சென்று கோத்தகிரிக்கு அருகில் திம்பட்டியில் வீடு கட்டினார். 1822இல் உதகையில் கல் பங்களாவைத் தொடங்கினார். பலகையில் உள்ள ஆண்டு திம்பட்டி வீட்டுக்கு உரியது. கலெக்டரின் பெயரும் அவருடைய புகழ்பெற்ற ஆண்டும் சேர்ந்தே நினைவில் நிற்பதால், யாரோ இரண்டையும் சேர்த்து இங்கே எழுதிவிட்டார்கள் என்றே கருதுகிறேன்.

இப்படிப்பட்ட வீடுகளின் வரலாற்றைக் கட்டிய துரையின் பெயரிலிருந்து தொடங்குவதே தவறான வழி என்பது என் எண்ணம். இவை ஒருவர் வாழ்வதற்காகக் கட்டிய வீடுகள் அல்ல. ஒரு சாலைக்காகக் கட்டப்பட்டவை. சம்பளத்துக்கு வேலை செய்த சில குடும்பங்களால் நின்றவை. சாலையையும் அந்தக் குடும்பங்களையும் விட்டுவிட்டு எழுதினால் மிஞ்சுவது சுவரும் ஓடும் மட்டுமே.

2024 ஜூன் 3, இரவு

சாலையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். கொங்கு நாடு பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் இருப்பதால், வழிப்போக்கர் இங்கே எப்போதும் உண்டு. கோயமுத்தூருக்கு அருகில் சுண்டக்காமுத்தூரில் உள்ள ராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டும், நொய்யல் கரையில் கொடுமணலில் கிடைத்த பொருள்களும் அதற்குச் சான்று. வழிப்போக்கருக்குச் சத்திரம் இருந்தது, சாவடி இருந்தது, சுமைதாங்கிக் கல்லும் தண்ணீர்ப் பந்தலும் இருந்தன. 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு கொங்கு நாடு கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர் இந்தப் பகுதியை நடந்தும் குதிரையிலும் சுற்றி, தாராபுரம் வழியாகவும் சென்றார். அவர் கூடாரம் அடித்துத் தங்கியே பயணம் செய்தார். வெள்ளை அதிகாரிக்கெனத் தனியாகத் தங்குமிடம் அமைவது அதற்குப் பிறகு மெல்ல மெல்ல நடந்த காரியம்.

தொலைவையும் கணக்கில் கொள்ள வேண்டும். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையே ஏறத்தாழ 20 மைல். மாட்டுவண்டி மணிக்கு இரண்டு மைல் போனால் பெரிய காரியம். சுமையோடு வரும் வண்டி ஒரு நாளில் 10 முதல் 15 மைல் கடக்கும். பாதி வழியில் ஒரு கூரையும் ஒரு கிணறும் ஒரு மாட்டுக் கொட்டகையும் வேண்டும். பங்களா நிற்கும் இடத்துக்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

2024 ஜூன் 8

சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வாடகைக்கு எடுத்து நடத்துபவர் தடையின்றி எல்லா இடத்தையும் பார்க்க விட்டார், ஏணியும் கொடுத்தார்.

முதலில் ஓடு. கூடத்தின் மேல் உள்ள சீமை ஓடுகளில் பாசல் மிஷன் முத்திரை இருக்கிறது; முன் தாழ்வாரத்தின் ஓடுகளில் காமன்வெல்த் முத்திரை. பாசல் மிஷன் என்ற கிறித்தவச் சபைக்காரர்கள் மங்களூரில் முதல் ஓட்டுத் தொழிற்சாலையை 1865இல் தொடங்கினார்கள். பிறகு கோழிக்கோட்டுப் பக்கமும் தொழிற்சாலைகள் வந்தன. முதல் உலகப் போருக்குப் பின் அவை காமன்வெல்த் டிரஸ்டின் கைக்கு மாறின. ஆக, கூடத்தின் கூரை 1865க்கு முன் வேயப்பட்டிருக்க முடியாது. தாழ்வாரத்தின் கூரை, போர் முடிந்த பிறகு வேயப்பட்டது அல்லது மாற்றப்பட்டது. கணவாய் வழியாக ரயிலில் வந்து, பிறகு வண்டியில் ஏறி இந்த ஓடுகள் ஊதியூர்ப் பக்கம் வந்திருக்கின்றன என்று நினைக்கும்போது, அந்த ஒவ்வொரு ஓட்டையும் தொட்டுப் பார்க்கத் தோன்றுகிறது.

அடுத்தது மேற்குச் சுவர். அந்தப் பக்கம் சிறிய சாளரம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் தலைக்கு மேலே. ஆடி மாதத்தில் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்பது காங்கேயத்துக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்று அந்தக் காற்றை நம்பித்தான் சுற்றிலும் காற்றாலைகள் நிற்கின்றன. வரைபடத்தைச் சென்னையில் போட்டிருந்தாலும், சுவரை எழுப்பிய கொத்தனார் உள்ளூர்க் காற்றை அறிந்தவர்.

2024 ஜூன் 9

நேற்று எழுதியதை வைத்து ‘அப்படியானால் பங்களா 1865க்குப் பிற்பட்டது’ என்று ஒருவர் முடித்துவிட்டார். அப்படிச் சொல்ல முடியாது. ஓடு கூரையின் வயதை மட்டுமே சொல்லும். கூடத்தின் உட்புறம், முக்கோணச் சுவரில், இப்போதைய கூரைச் சரிவோடு பொருந்தாத இன்னொரு சரிவின் தடம் காரையில் தெரிகிறது. அது மிகவும் செங்குத்தாக இருக்கிறது. கூரைப் புல்லோ பனை ஓலையோ வேய்ந்தால்தான் அவ்வளவு செங்குத்து வேண்டும். இல்லையென்றால் மழைநீர் வடியாது. அந்த உச்சியை இடித்துத் தாழ்த்திய பிறகுதான் ஓடு போட்டிருக்கிறார்கள். எனவே சுவர் கூரையைவிட மூத்தது. எவ்வளவு மூத்தது என்பதைச் சுவர் சொல்லாது. ஏடுகள்தான் சொல்ல வேண்டும்.

2024 ஜூன் 15

ஏடுகள் எங்கே என்ற கேள்விக்கு வருகிறேன். இது சற்று நீளும். ஆனால் கொங்கு நாட்டின் பழைய பங்களா எதைப் பற்றித் தேடுபவருக்கும் பயன்படும்.

இத்தகைய பங்களாக்கள் கைமாறிக்கொண்டே வந்தவை. 1871இல் சென்னை மாகாண உள்ளூர் நிதிச் சட்டம் வந்தபோது சாலையும் சத்திரமும் பயணியர் பங்களாவும் உள்ளூர் நிதி வாரியங்களின் பொறுப்புக்கு வரத் தொடங்கின. 1884ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாவட்ட போர்டும் தாலுகா போர்டும் அமைந்தன. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைத் திருத்தி அமைத்தது. 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் வழியாக மாவட்ட போர்டுகள் போய், ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. ஒவ்வொரு மாற்றத்திலும் சொத்து மாறியது; சொத்தோடு சேர்ந்து ஏடுகளும் மாறியிருக்க வேண்டும். ஆனால் பதிவேட்டை மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பும் அளவுக்கு அக்கறை எல்லா அலுவலகத்திலும் இருக்கவில்லை.

இதோடு மாவட்டப் பிரிவினையும் சேர்கிறது. நீலகிரி 1868இல் கோயமுத்தூரிலிருந்து பிரிந்தது. கரூர் 1910இல் திருச்சிராப்பள்ளியோடு சேர்ந்தது. கொள்ளேகாலம் 1956இல் மைசூருக்குப் போனது. காங்கேயமும் தாராபுரமும் 1979 வரை கோயமுத்தூர் மாவட்டம், பிறகு 2009 வரை ஈரோடு மாவட்டம், அதன் பிறகு திருப்பூர் மாவட்டம். அந்தப் பங்களாவைப் பற்றிய ஒரு தாளைத் தேடினால் மூன்று கலெக்டர் அலுவலகங்களின் வாசலை மிதிக்க வேண்டும்; நான்காவதாக எழும்பூர் ஆவணக் காப்பகமும் இருக்கிறது. 1887இல் அச்சான நிக்கல்சனின் கோயமுத்தூர் மாவட்டக் கையேட்டை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் இந்த மாவட்டத்தின் சாலைகளையும் கிணறுகளையும் நிலங்களையும் தாலுகா தாலுகாவாக எழுதியவர். வீட்டைத் தேடுவதற்கு முன் சாலையைத் தேடுவது எளிது.

ஒன்றிய அலுவலகத்தில் ஒரு விருந்தினர் பதிவேடு பிழைத்திருக்கிறது. 1930களைச் சேர்ந்தது. பெயர், பதவி, வந்த நாள், போன நாள், செலுத்திய தொகை, குறிப்பு என்று கட்டம் போட்ட ஏடு. வெள்ளை அதிகாரிகளை எதிர்பார்த்துத் திறந்தேன். ஏட்டை நிரப்பியிருப்பவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள்: ரெவின்யூ இன்ஸ்பெக்டர்கள், மாட்டு மருத்துவர்கள், பள்ளி ஆய்வாளர்கள், சாலை ஓவர்சியர்கள். கண்ணபுரம் மாட்டுச் சந்தைக் காலத்தில் பெயர்கள் நெருக்கமாக வருகின்றன. குறிப்புக் கட்டத்தில் வௌவால் தொல்லை, கிணற்றுக் கயிறு பழசு, விளக்குக்கு எண்ணெய் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். இந்த ஏட்டை உடனே படம் எடுத்து வைக்க வேண்டும்; முதுகுத் தையல் விட்டுப்போய், ஓரங்களைக் கரையான் தின்றிருக்கிறது.

2024 ஜூன் 23

பங்களா வாட்ச்மேனின் மகளைச் சந்தித்தேன். எழுபதைக் கடந்தவர், பங்களாவுக்குப் பின்னாலிருந்த ஓட்டு வீட்டில் பிறந்தவர். கூடத்தின் பின்சுவரில், கதவுநிலைக்கு மேலே, ஒரு துளை இருக்கிறது. உள்ளே மரச்சட்டம் பதித்த துளை. அதன் கீழ் விளிம்பில் கயிறு உரசி உரசி ஒரு பள்ளம் விழுந்து, விரல் வைத்தால் வழவழவென்று இருக்கிறது. பங்கா, அதாவது கூரையிலிருந்து தொங்கும் துணி விசிறி, இழுத்த கயிறு போன வழி அது. அதைப் பற்றிக் கேட்டேன்.

“ஏனுங்க்கா, உங்க அய்யன் பங்கா இழுத்தாருங்களா?”

“எங்கய்யன் அந்தக் கயித்தப் புடிச்சதில்லீங் கண்ணு. எங்கப்பாருதான் புடிச்சாரு. உள்ள படுத்திருக்கறவிய தூங்கற வரைக்கும் இழுக்கோணும். இவரு கண்ணசந்துட்டா உள்ளயிருந்து சத்தம் வருமுங்க. கால்ல கயித்தக் கட்டிக்கிட்டுப் படுத்துக்கிட்டே இழுப்பாராமா.”

பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கி, மின்கம்பி கொங்கு நாட்டு ஊர்களுக்கு ஒவ்வொன்றாக வந்த காலத்தோடு இது பொருந்துகிறது. அப்பாரு (தாத்தா) காலத்தில் கயிறு, அய்யன் (அப்பா) காலத்தில் மின்விசிறி.

அவர் சொன்ன இன்னொன்றை எழுதாமல் விட முடியாது. பங்களாக் கிணற்றில் நாள்தோறும் நீர் இறைத்து, தொட்டியை நிரப்பி, வருபவர்களின் குளியலுக்கும் சமையலுக்கும் கொடுத்த அந்த அப்பாரு, ஊர்க் கிணற்றில் நீர் எடுக்க அனுமதிக்கப்படாதவர். அவர் இறைத்த நீரைக் கலெக்டர் ஆபீஸ்காரர்கள் குடித்தார்கள், ஊர் குடிக்கவில்லை. பங்களாவின் வரலாறு என்று பலகை வைப்பதானால், இதை எழுதாமல் வைக்கும் பலகை அரைகுறையானது. நான் இதை வருத்தத்துடனும், சற்றுக் கோபத்துடனும் எழுதுகிறேன்.

2024 ஜூன் 24

‘அதையெல்லாம் தங்க வருபவர்களிடம் சொல்ல வேண்டுமா’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்ல வேண்டும். அந்தக் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கூரையில் ஒழுக்கு விழாமல் பார்த்துக்கொண்டதால்தான், இன்று அங்கே தங்க ஒரு கூரை இருக்கிறது.

2024 ஜூலை 7

அவிநாசிச் சாலையிலும் இப்படிப் பங்களாக்கள் இருந்தனவே, அவை ஏன் முன்னரே மறைந்தன என்ற கேள்வி நல்ல கேள்வி. ரயில்தான் காரணம் என்று நினைக்கிறேன். 1862இல் ஈரோடு, திருப்பூர் வழியாகப் போத்தனூருக்கு ரயில் வந்ததும், அதற்கு இணையாக ஓடிய பெருஞ்சாலையில் இரவு தங்க வேண்டிய தேவை குறைந்தது. 1873இல் மேட்டுப்பாளையத்துக்கும், 1915இல் போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கும், 1928இல் பொள்ளாச்சியிலிருந்து உடுமலை, பழனி வழியாகத் திண்டுக்கல்லுக்கும் தண்டவாளம் வந்தது. தாராபுரத்துக்கு இன்றுவரை ரயில் வரவில்லை. ஊர்க்காரர்களுக்கு அது தீராத குறை; ஆனால் இந்தப் பங்களா பேருந்துக் காலம் வரை உயிரோடு இருந்ததற்கு அதுவே காரணம். ரயில் வந்திருந்தால் கொரங்காட்டுக்கு (மேய்ச்சல் நிலத்துக்கு) நடுவே இரண்டு குட்டிச்சுவர்களைத்தான் நாம் பார்த்திருப்போம்.

2024 ஜூலை 20

என் அப்பச்சியின் (அம்மாவின் அப்பாவின்) பெட்டியிலிருந்து தாலுகா போர்டு ரசீதுகள் சில கிடைத்தன. அவர் அந்தச் சாலையோரப் புளிய மரங்களின் காய்ப்பை ஏலம் எடுத்தவர். சாலையோர மரங்களின் மகசூலை ஆண்டுதோறும் ஏலம் விடுவது அந்தக் காலத்து வாரியங்களின் வழக்கம். வாரியங்களுக்கு அது நல்ல வருமானம். ரசீதுகளில் மரங்கள் எந்த மைல்கல்லிலிருந்து எந்த மைல்கல் வரை என்று குறித்திருக்கிறார்கள். ஒன்றில் ‘முசாபரி பங்களா காம்பவுண்டு நீங்கலாக’ என்று தெளிவாக எழுதியிருக்கிறது. காம்பவுண்டுக்குள் இருந்த புளிய மரத்தின் காய் யாருக்குப் போயிற்று என்று அந்த அக்காவைக் கேட்டேன். வாட்ச்மேன் குடும்பத்துக்கே விட்டிருந்தார்களாம். சம்பளம் தாமதமாகும் மாதங்களில் புளி விற்றுத்தான் அரிசி வாங்கியிருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் சாலைப் புளியைத்தான் ஆண்டு முழுதும் கரைத்தோம். ஒரே சாலையின் மரங்கள் இரண்டு குடும்பங்களுக்கும் சோறு போட்டிருக்கின்றன என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

பெட்டியில் இப்படிப்பட்ட ரசீது வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எரித்துவிடாதீர்கள். கட்டடத்தின் பெயர் அரசு ஏட்டில் இல்லாவிட்டாலும் ஏல ரசீதில் இருக்கலாம்.

2024 ஆகஸ்டு 4

புதுப்பித்தலைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள். நல்லதை முதலில் சொல்கிறேன்: கைமரங்களைக் கழற்றாமல், செல்லரித்தவற்றை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். தரையின் பழைய கற்பலகைகளையும் விட்டுவைத்திருக்கிறார்கள். மனம் பொறுக்காதது சுவர். சுண்ணாம்பும் மணலும் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீர் சேர்த்துப் பூசிய காரை மூச்சு விடும். அடிமண்ணின் ஈரம் மேலே ஏறினாலும் அதன் வழியே வெளியேறிவிடும். அதன் மேல் ஒப்பந்தக்காரர் சிமென்டு பூசியிருக்கிறார். ஈரம் உள்ளேயே தங்கி, இடுப்பளவு உயரத்தில் உப்புப் பூத்து, சிமென்டு பாளம் பாளமாக விடத் தொடங்கிவிட்டது. அதோடு பழைய காரையும் சேர்ந்து வருகிறது. பங்காக் கயிற்றுத் துளையையும் அடைத்துவிடப் பார்த்தார்கள். அந்த அக்காவையே வரவழைத்து நடத்துபவரிடம் பேச வைத்தோம்; இப்போது அது அப்படியே இருக்கிறது. சிமென்டைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடியும் சுண்ணாம்பு பூசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய தொட்டிக்கட்டு வீடுகளைப் பராமரிப்பவர்களிடம் விசாரித்தால் கிடைப்பார்கள்.

2024 ஆகஸ்டு 18

‘டாப்சிலிப் பங்களாக்களும் இதே கதைதானே’ என்று கேட்டவருக்கு: ஒரு பகுதி ஆம், ஒரு பகுதி இல்லை. ஆனைமலைக் காட்டுத் தேக்கைப் பம்பாய்க் கப்பல் துறைக்கு அனுப்பும் வேலை 1840களின் இறுதியில் கேப்டன் மைக்கேல் காலத்தில் முறையாகத் தொடங்கியது. மரத்துக்காகப் போனவர்களுக்குத் தங்குமிடம் அங்கே உருவானது. அது காட்டுப் பங்களா; இது சாலைப் பங்களா. ஆனால் நினைவில் நிற்பது யார் என்ற கேள்வி இரண்டுக்கும் பொது. அங்கே ஹியூகோ வுட் நினைவுகூரப்படுகிறார்; அதற்கு அவர் முழுத் தகுதி உடையவர். வெட்டி அழிக்கப்பட்ட காட்டில் தேக்கை மீண்டும் தழைக்க வைத்தவர், 1933இல் இறந்தபோது தாம் நட்ட மரங்களிடையே மவுன்ட் ஸ்டுவர்ட்டில் அடக்கமானவர். அதே காட்டில் வழி காட்டிய காடர் பழங்குடியினரும், யானைகளோடு உழைத்த மலசர் பழங்குடியினரும், மரம் இழுத்தவர்களும் எந்தப் பலகையிலும் இல்லை. வுட்டின் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. அவருடைய பெயருக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது என்று சொல்கிறேன்.

2024 செப்டம்பர் 1

பலகையை மாற்ற நடத்துபவர் சம்மதித்து, வாசகம் கேட்டார். நான் கொடுத்தது: ‘காங்கேயம் – தாராபுரம் சாலையில் வழிப்போக்கர் தங்க அமைந்த முசாபரி பங்களா. சுவர்கள் கூரையைவிடப் பழையவை. ஓட்டுக் கூரை 1865க்குப் பிற்பட்டது. உள்ளூர் வாரியங்களும் பின்னர் ஊராட்சி ஒன்றியமும் இதை நடத்தின. இதைக் காத்த வாட்ச்மேன் குடும்பத்தார் பின்வருமாறு.’ பெயர்களை எழுதலாமா என்பதை அந்தக் குடும்பமே முடிவு செய்யட்டும். பேரன்கள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள், தீபாவளிக்கு வரும்போது பேசுகிறோம் என்றார் அக்கா. ‘சல்லிவன் பெயர் இருந்தால்தான் ஆள் வருவார்கள்’ என்று நடத்துபவர் முதலில் தயங்கினார். அந்தப் பெயரைத் தேடி வருபவர் கோத்தகிரிக்கே போகலாம். கன்னேரிமுக்கில் அவருடைய வீட்டைச் சீர்செய்து வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன்.

2024 செப்டம்பர் 8

ஒரு அவசரம். பின்பக்கச் சமையல் கட்டை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கும் எண்ணம் இருப்பதாகக் கேள்விப்பட்டு இன்று போனேன். தீப்பிடிக்கும் அச்சத்தாலும் புகையாலும் சமையல் கட்டைப் பங்களாவிலிருந்து விலக்கித் தனியாகக் கட்டுவது அன்றைய முறை. இரண்டையும் இணைத்த கல் நடைபாதை இன்னும் இருக்கிறது. உள்ளே புகைக்கூண்டும், மூன்று வாய் அடுப்பும், சுவரில் மாடக்குழிகளும் கெடாமல் இருக்கின்றன. கூடத்தைவிட இந்தக் கட்டுதான் மாறாமல் நிற்கிறது. கார் நிறுத்த வேலிக்கு அப்பால், கிளுவையை ஒட்டி, வேண்டிய அளவு வெற்றிடம் இருக்கிறது என்று அடியளந்து காட்டினேன். கழிவுத்தொட்டியைக் கிணற்றுக்கு அருகில் தோண்டக் கோடு போட்டிருந்தார்கள். அதையும் சரிவின் கீழ்ப்பக்கம் மாற்றச் சொன்னேன். முடிவை ஒன்றியப் பொறியாளரின் அளவீட்டுக்குப் பிறகு சொல்வதாக நடத்துபவர் கூறினார். அந்த அளவீடு அடுத்த வியாழக்கிழமை காலையில். பக்கத்து ஊர்க்காரர்கள் வர முடிந்தால் வாருங்கள். சமையல் கட்டின் பழைய படம் யாரிடமாவது இருந்தால் கையோடு கொண்டுவாருங்கள்.